காலிப் பென்டிரைவின் உள்ளடக்கம்: மறைகோப்புறைகள் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

காலிப் பென்டிரைவ் என்று உலகில் எதுவும் இல்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஃபார்மட் போட்டு, ஒரு கோப்பும் ஏற்றாமல், கணினியில் செருகி எடுத்தாலே போதும். உள்ளே ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. வந்தது எது, ஏன் வந்தது, அழித்தால் போகுமா, போனால் திரும்பி வருமா என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன. கடைசி வினாவுக்கு மட்டும் விடையை இப்போதே சொல்லிவிடலாம்: வரும்.

ஆய்வெல்லை

பென்டிரைவ், மெமரி கார்டு, வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஆகியவை. ஃபிளாப்பியையும் சேர்க்க எண்ணம் இருந்தது, ஃபிளாப்பி கிடைக்கவில்லை.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி ஆய்வுகள் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைகளில் நிகழ்ந்தவை. எழுத்து வடிவம் பெறாதவை. வாய்மொழியாகவே கைமாறி வந்த அந்த அறிவின் சாரத்தை, கல்லூரி வாசல் டிடிபி கடையில் காதில் விழுந்த பின்வரும் உரையாடல் காட்டும்.

"அண்ணா, இந்த ஃபோல்டர் என்னதுண்ணா? நான் போடவே இல்ல."

"வைரஸ்மா அது. தொடாத. ஃபார்மட் போட்டுத் தந்துடவா?"

"ஐயோ வேணாம்ணா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டு அதுலதான் இருக்கு."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

மறைகோப்புறைகள் பற்றிய இரு பெருங்கொள்கைகளும் இந்நான்கு வரிகளுக்குள் வந்துவிட்டன. அழித்துவிடு என்பது ஒன்று. இருந்துவிட்டுப் போகட்டும் என்பது மற்றொன்று. ஒரே அறிஞர் அரை நிமிடத்துக்குள் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைத் தழுவியது அவருடைய ஆய்வு நேர்மைக்குச் சான்று. வைரஸ் என்ற அவரது முதல் முடிவையும் எள்ளி நகையாடக் கூடாது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு, பின்னர்க் காண்போம்.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்: அணுக்க வாசிப்பு

மாணவி சுட்டிய ஃபோல்டரின் பெயர் இதுதான். சாதாரணமாக வீட்டுக் கணினியில் இது கண்ணில் படாது. கடைக் கணினியில் மட்டும் ஒளிந்ததெல்லாம் தெரியும்படி வைத்திருப்பார்கள்.

பென்டிரைவில் இதைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டே கோப்புகள். இண்டெக்சர்வால்யூம்கைடு என்பது 76 பைட், டபிள்யூபிசெட்டிங்ஸ்.டாட் என்பது 12 பைட். முன்னதில் விண்டோஸ் தன் தேடல் வசதிக்காக அந்த டிரைவுக்கு இட்ட அடையாள எண் இருக்கிறது. அடைப்புக்குறி இரண்டையும் சேர்த்து 38 எழுத்து, எழுத்துக்கு 2 பைட் வீதம் 76. கணக்கு நேர். ஆக மொத்தம் 88 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், இதற்குள் ஒரு குறளைக்கூட முழுதாக அடக்க முடியாது. இதற்காகவா இவ்வளவு கலக்கம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் டிரைவில் இடம் பைட் கணக்கில் கிடைப்பதில்லை, கிளஸ்டர் கணக்கில் கிடைக்கிறது. 8 கிலோபைட் கிளஸ்டர் என்றால், கோப்புகளுக்கு இரண்டும் கோப்புறைக்கு ஒன்றுமாக 24 கிலோபைட் போய்விடும். குறளுக்கு எடுத்த ஓலையில் காப்பியம் எழுதலாம்.

இனி, இது எவ்வாறு மறைந்திருக்கிறது என்னும் தத்துவப் பகுதி. ஃபேட் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு உண்டு. அதன் 12-ஆவது பைட்டில் பண்புகள். கோப்புறை என்பதற்கு 16, சிஸ்டத்துக்குரியது என்பதற்கு 4, மறைவானது என்பதற்கு 2, கூட்டினால் 22. அந்த 2-ஐ எடுத்துவிட்டால் மறைவு போய்விடும். சைவ சித்தாந்தம் ஐந்தொழிலுள் ஒன்றாக வைத்து விளக்கிய மறைத்தலை, டாஸ் காலத்து நிரலாளர்கள் ஒரே பிட்டில் முடித்துவிட்டார்கள்.

கருதுகோள்

இங்கிருந்துதான் இவ்வாய்வின் மையக் கருத்து கிளைக்கிறது. அந்த 2 என்பது பூட்டு அன்று. "பார்த்தும் பாராதது போல் இரு" என்னும் வேண்டுகோள். வேண்டுகோளை விண்டோஸ் மதிக்கிறது, ஏனெனில் வைத்தது அதுதான். லினக்ஸ் கணினியில் அதே பென்டிரைவைச் செருகினால், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் பட்டப்பகலில் நடுக்கூடத்தில் நிற்கும். டிவியில் செருகிப் படம் தேடினாலும் முதலில் அதுவே தலைகாட்டும். ஆகவே மறைவு என்பது கோப்பின் குணமன்று. பார்க்கும் எந்திரம் காட்டும் தாட்சண்யம் என்று துணியலாம்.

புள்ளி வைத்த பிரிவு

யூனிக்ஸ் வழி வந்த எந்திரங்களுக்குப் பிட் எல்லாம் தேவையில்லை. பெயரின் முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உயிர் நீங்கி மெய் மட்டும் நிற்கும். யூனிக்ஸில் புள்ளி வைத்தால் மெய்யே காணாமல் போகும்.

இதன் தோற்றத்தை, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதியிருக்கிறார். ஒவ்வோர் அடைவிலும் தன்னைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும், மேலடைவைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியலில் இவை இரண்டும் வரவேண்டாம் என்று நினைத்தவர், முழுப் பெயரையும் ஒப்பிடாமல், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதிக்கும்படி எழுதிவிட்டார். விளைவு, புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் மறைந்தது. சுருக்கு வழி எழுதியவரின் சோம்பல் ஒரு மரபாகவே நிலைபெற்றுவிட்டது. உலக வரலாற்றில் இப்படிப் பல மரபுகள் உண்டு. அவற்றைப் பட்டியலிட்டால் வீட்டில் சண்டை வரும்.

மேக் கணினி இம்மரபின் வள்ளல். பென்டிரைவைச் செருகியதும் தேடலுக்கு .ஸ்பாட்லைட்-வி100, மாற்றங்களைக் குறித்துவைக்க .எஃப்எஸ்ஈவென்ட்ஸ்டி என்று எழுதிவிடும். திறந்து பார்த்த கோப்புறையில் எந்த ஐகான் எங்கே இருந்தது என்று .டிஎஸ்_ஸ்டோர் நினைவில் வைத்துக்கொள்ளும். இவை போகட்டும். களத்தில் மெய்யான சேதம் விளைவிப்பவை புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் சிறு கோப்புகள்தாம். பாட்டோடு ஒட்டிய சில கூடுதல் தகவல்களை மேக் தன் சொந்த வட்டில் தனியே வைத்துக்கொள்ளும். ஃபேட் முறையில் அதற்கு இடமில்லாததால், பாட்டின் பெயருக்கு முன்னால் அவ்விரு குறிகளையும் ஒட்டி, வழக்கமாக 4 கிலோபைட்டில், எம்பி3 என்ற வாலோடு ஒரு துணைக்கோப்பை எழுதிவிடும்.

வாலை நம்பும் அப்பாவி எந்திரங்கள் நம் ஊரில் ஏராளம். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் மேக் லேப்டாப்பிலிருந்து 40 பாட்டு ஏற்றிக் கொடுத்தால், மைக்செட் பிளேயர் 80 என்று காட்டும். சில பிளேயர்கள் போலிப் பாட்டைத் தாண்டிப் போகும். சில அங்கேயே நின்றுவிடும். மண்டபத்தில் திடீர் அமைதி. மைக்செட்காரர் பென்டிரைவைக் கழற்றி, முனையை ஊதி, வேட்டியில் துடைத்து, மறுபடி செருகுவார். பாட்டு வரும். ஊதியதால் வந்தது என்று அவர் முடிவு செய்வார். மேக்கிலேயே டாட்_கிளீன் என்ற கட்டளையால் இக்கோப்புகளை நீக்கலாம் என்பதை அவரிடம் சொல்லும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை. அவரது முறைக்கு வெற்றி விகிதம் அதிகம்.

காலி, ஆனால் ஃபுல்

உள்ளே ஒன்றுமில்லை, இடமும் இல்லை என்னும் முரண் பலரைத் துன்புறுத்தியிருக்கிறது. தீர்வு எளிது. விண்டோஸில் பென்டிரைவிலிருந்து எதை அழித்தாலும் நேரே போய்விடும், குப்பைத்தொட்டி கிடையாது. மேக்கில் அழித்தால் அந்த டிரைவுக்குள்ளேயே .டிராஷஸ் என்ற கோப்புறையில் போய்ப் படுக்கும். லினக்ஸில் .டிராஷ்-1000. மேக்கில் தொட்டியைக் காலி செய்யாமல் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்தால், அழித்த படங்கள் எல்லாம் கூடவே வரும். அந்த 1000 என்பது லினக்ஸ் கணினியின் முதல் பயனருக்கு வழக்கமாகத் தரும் எண். மேக்கில் அது 501. யாருடைய கணினிக்குப் பென்டிரைவ் போய்வந்தது என்று துப்பறிய விரும்புவோருக்கு இது உதவும். குடும்ப அமைதி விரும்புவோர் இப்பத்தியை மறந்துவிடலாம்.

வைரஸ் என்ற கருத்தின் வரலாற்று நியாயம்

2008-இன் இறுதியில் பரவிய கான்ஃபிக்கர் புழு, பென்டிரைவில் ரீசைக்ளர் என்ற பெயரில் கோப்புறை அமைத்து அதற்குள் ஒளிந்துகொண்டு, ஆட்டோரன்.இன்ஃப் கோப்பின் வழியே வெளியே வந்தது. மாறுவேடம் பொருத்தமானது, குப்பைத்தொட்டியை யார் சந்தேகிப்பார்? பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவ் தானாக ஓடுவதை நிறுத்தும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் பரவலாக அனுப்பியது. அதன்பின் ஷார்ட்கட் வைரஸ். அது நம் கோப்புறைகளுக்கு மேற்சொன்ன 2-ஐயும் 4-ஐயும் ஏற்றி மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்தது. அட்ரிப் என்னும் பழைய டாஸ் கட்டளை தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் மந்திரம்போல் மனப்பாடம் ஆனது அப்போதுதான். -எச் மட்டும் தட்டினால் அது மறுத்துவிடும். -எஸ் -எச் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். இம்மந்திரத்தால் ப்ராஜெக்டை மீட்டுப் பட்டம் வாங்கியோர் பலர். எனவே டிடிபி கடை அண்ணன், தெரியாத ஃபோல்டரைக் கண்டதும் வைரஸ் என்றது அறியாமையன்று, அனுபவம்.

தடுப்பு முறைகள்

அழித்தால் திரும்ப வருவதை வராமலே செய்ய வழியுண்டா? உண்டு. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கும் அதே உத்திதான். ஓர் இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் கோப்புறையும் சேர்ந்து இருக்க முடியாது. ஆகவே சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற பெயரில், வால் இல்லாத வெற்றுக் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் முன்கூட்டியே போட்டுவைத்தால், விண்டோஸ் வந்து பார்த்துவிட்டு நின்றபடியே பயணம் செய்யும். அந்தக் காலத்தில் ஆட்டோரன்.இன்ஃப் என்று வெறும் கோப்புறை அமைத்து வைரஸைத் தடுத்ததும் இதுவே. மேக்குக்கு .மெட்டாடேட்டா_நெவர்_இண்டெக்ஸ் என்ற வெற்றுக் கோப்பு. அதைக் கண்டால் ஸ்பாட்லைட் தேடல் அந்த டிரைவைத் தொடாது.

எல்லாவற்றையும் அழிக்கலாமா என்றால், புள்ளி-அடிக்கோடு கோப்புகளையும் .டிராஷஸையும் தயங்காமல் அழிக்கலாம். மெமரி கார்டில் லாஸ்ட்.டிஐஆர், பென்டிரைவில் ஃபவுண்ட்.000 என்று கண்டால் திறந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. பழுதின்போது மீண்ட படங்கள் வேறு பெயரில் அங்கே கிடக்கலாம். என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். அங்கே 88 பைட் அன்று, பழைய பிரதிகளே இருக்கக்கூடும். அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போவதில் ஆய்வு ரீதியான பயன் எதுவும் இல்லை.

ஆய்வாளர்க்கு ஒரு குறிப்பு

மேற்கண்டவற்றை நேரில் காண விரும்புவோர் விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். விண்டோஸ் ஒருமுறை எச்சரிக்கும். ஆம் என்று சொல்லிவிடலாம். வேலை முடிந்ததும் டிக்கை மறுபடி போடாவிட்டால், டெஸ்க்டாப்பில் டெஸ்க்டாப்.இனி என்று மங்கலாக இரண்டு கோப்புகள் முளைத்திருக்கும். ஒன்று பயனருடையது, மற்றது எல்லாருக்கும் பொதுவானது. அவை நீக்கக்கூடிய டிரைவில் இல்லாமையின் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா.