கத்தி, நூல், சர்க்கரைப் பாகு

தலையில் நாலு முடி கொட்டினால் செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, வெங்காயச் சாறு என்று வீடே அமர்க்களப்படும். அதே நாலு முடி மேலுதட்டில் முளைத்துவிட்டால் அமர்க்களம் இரட்டிப்பாகும். ஒரே உடம்பில் மேலே உரம் போட்டுக்கொண்டு கீழே களையும் எடுக்க வேண்டிய விவசாயம் பெண்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

தமிழ் வீடுகளில் இதற்கு முதல் ஆலோசகர் பாட்டி. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, பாசிப்பயறு எல்லாம் அரைத்து, “தினமும் தேய்ச்சுக் குளிடி, ரோமம் தானா நின்னுடும்” என்பார். எந்த வருஷம் நிற்கும் என்று மட்டும் சொல்லமாட்டார். ஆனாலும் பாட்டியை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. கோரைக்கிழங்கு எண்ணெயை அக்குள் முடிக்குப் பூசி, லேசரோடு ஒப்பிட்ட எகிப்திய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. கறுப்பு முடியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். ஒரே ஒரு ஆய்வை வைத்துக் கிழங்குக்குக் கோயில் கட்ட வேண்டாம். பாட்டியிடம் சொல்லவும் வேண்டாம், பிடிக்க முடியாது.

ஊரில் அதிகம் பழி சுமப்பது ரேசர். “ஒரு தடவை வழிச்சா அப்புறம் கம்பி மாதிரி வளரும்” என்று சொல்லாத அத்தை கிடையாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் ஆண்களின் முகச்சவரத்தை வைத்து இதை ஆராய்ந்து, சவரத்தால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார். முடியின் நுனி இயல்பாகவே கூராக மெலிந்திருக்கும். கத்தி அதை மட்டமாக வெட்டுவதால் திரும்ப முளைக்கும்போது சொரசொரவென்று கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். மழித்தால் முடி அடர்த்தியாகும் என்பது உண்மையானால், வழுக்கை விழுந்த மாமாக்கள் எல்லாரும் பழனிக்கு ஒருமுறை போய்வந்தே சுருள்முடியோடு திரிவார்கள்.

பெண்களுக்கென்று தனி ரேசரை ஜில்லெட் கம்பெனி இறக்கியது 1915-ல். கையில்லாத கவுன் அமெரிக்காவில் நாகரிகமாகிக்கொண்டிருந்த காலம். அக்குள் வெளியே தெரிய ஆரம்பித்ததும் விளம்பரக்காரர்கள் அதற்கு வெட்கப்படக் கற்றுக்கொடுத்தார்கள்.

முடி நீக்கும் கிரீம் வலிக்காது, மூக்குக்குத்தான் தண்டனை. அதிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு, முடியின் கெராட்டின் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. முடி குழைந்து வழித்தால் வந்துவிடும். தோலின் மேலடுக்கும் அதே கெராட்டின்தான் என்பதால் டப்பாவில் போட்ட நிமிடக் கணக்கை மீறக்கூடாது. பூசிவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு, விளம்பர இடைவேளைக்குள் எரிச்சல் தொடங்கிவிடும். முதலில் கையில் ஒரு சிறு இடத்தில் பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது உத்தமம்.

பார்லருக்கு வந்தால், த்ரெட்டிங் ஒரு கலை. பருத்தி நூலின் ஒரு நுனி பார்லர் அக்காவின் பல்லில், மற்றது விரல்களில், நடுவே முறுக்கு. “நல்லா இழுத்துப் பிடிச்சுக்கம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்பார். எந்தக் காட்டு எறும்பு என்று சொல்லமாட்டார். முக நரம்பு சீண்டப்படுவதால் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். நூல் புருவத்தில் இருக்கும்போது வரும் தும்மலுக்கு விளைவு அதிகம். ஆனால் செலவும் குறைவு, ரசாயனமும் இல்லை. முகத்துக்கு இதைவிடச் சுத்தமான வேலை கிடையாது.

வேக்சிங்குக்கு ஒரு வினோத நிபந்தனை: முடியை எடுக்க வேண்டுமானால் முதலில் வளர்க்க வேண்டும். அரை சென்டிமீட்டராவது இருந்தால்தான் மெழுகு பிடிக்கும். அதுவரை முழுக்கைச் சுடிதார்தான் கதி. பிறகு படுக்கவைத்து, சூடான மெழுகைத் தடவி, துணிப்பட்டையை ஒட்டி, “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயெடுக்கும்போது சர்ரென்று இழுப்பு. வேரோடு வருவதால் மூன்று, நான்கு வாரம் நிம்மதி. தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடிகள் சிலருக்குத் தொல்லை தரும். பருவுக்கு ரெட்டினாய்டு மருந்து எடுப்பவர்கள் பக்கமே போகக்கூடாது. முடியோடு தோலும் உரிந்துவரும். அரபு நாட்டுப் பெண்கள் இதே வேலையைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் காய்ச்சிய பாகில் முடித்துக்கொள்கிறார்கள். நம் வீட்டில் அந்தப் பதம் தவறினால் கடலை மிட்டாய்க்கு ஆகும்.

1986-ல் இஸ்ரேலின் ஒரு கூட்டுப்பண்ணையிலிருந்து எபிலேடி என்ற கருவி வந்தது. சுழலும் ஸ்பிரிங், முடியைக் கவ்விப் பிடுங்கும். பார்லரின் சித்திரவதையைச் சொந்த வீட்டில், சொந்தக் கையால் செய்துகொள்ளலாம்.

இதிலெல்லாம் அலுத்துப்போனவர்களைக் குறிவைத்தே ‘நிரந்தரத் தீர்வு’ வியாபாரம் நடந்தது. 1920-களில் அமெரிக்காவில் ட்ரைக்கோ என்ற எக்ஸ்-ரே பெட்டி அழகு நிலையங்களில் ஓடியது. வலியே இல்லாமல் முடி உதிர்ந்தது. பின்னால் பலருக்குத் தோல் சுருங்கிப் புண்ணாகி, புற்றுநோய் வரை போனது. அடுத்து கோரெம்லு என்ற கிரீம். உள்ளே எலிவிஷமான தாலியம். மீசைக்குப் பூசிய பெண்களுக்குத் தலைமுடி கொட்டியது, கைகால் முடங்கியது. 1938-ல் அமெரிக்காவில் அழகுப் பொருள்களையும் சட்டத்துக்குள் இழுத்துவர இதுவும் ஒரு காரணம்.

இன்றைய லேசர் அவ்வளவு பயங்கரம் இல்லை. வேரின் கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாவதுதான் சூட்சுமம். வளரும் பருவத்து முடியில்தான் பலிக்கும் என்பதால் சில வார இடைவெளியில் பலமுறை போக வேண்டும். நரைமுடியிடம் பலிக்காது. மாநிறத் தோலிலும் அதே நிறமி இருப்பதால், ஆழமாகப் போகும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் நம்மவர்களுக்குப் பாதுகாப்பு. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்குமுன், எந்தக் கருவி என்று கேளுங்கள். லேசரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ‘நிரந்தரக் குறைப்பு’ என்றுதான் அனுமதிக்கிறது. ‘நிரந்தர நீக்கம்’ எனும் தகுதி, ஒவ்வொரு வேரிலும் ஊசி இறக்கி மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ராலிசிஸுக்குத்தான். கண்ணுக்குள் குத்தும் இமைமுடிக்காக அதை 1875-ல் கொண்டுவந்தவர் சார்லஸ் மிச்செல் என்ற கண் மருத்துவர். அவரும் செயின்ட் லூயிஸ்காரர். அந்த ஊருக்கும் முடிக்கும் என்ன பந்தமோ!

சிக்கனத்துக்கு ரேசர், முகத்துக்கு நூல், பொறுமையும் பணமும் இருந்தால் லேசர். ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் உடம்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் தாடையிலும் மார்பிலும் திடீரென்று தடித்த முடி வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் அது பி.சி.ஓ.எஸ். போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அப்போது பார்லரைத் தேடாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.