மூட்டுவலிக்கு எதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை?

கேள்வி: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர் மூட்டுவலி என்று போனால், டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொல்கிறார். முழங்காலுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ரொம்ப நெருங்கிய சம்பந்தம். மூட்டு கத்தும், சிறுநீரகமோ நோய் முற்றும்வரை வாயே திறக்காது. லூபஸ் நோய் இரண்டையும் தாக்கும்: விரல் கணுக்கள் வீங்கும்போதே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம். கவுட் நோயில், சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட யூரிக் அமிலம் கால் பெருவிரல் மூட்டில் படிகமாகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அந்த அமிலத்தின் அளவு சரியாகவே காட்டலாம். மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் ஊசி போன்ற படிகங்களைப் பார்ப்பதே உறுதியான சான்று.

இவற்றைவிடப் பெரிய கவலை வலி மாத்திரை. ஷிப்ட் முழுக்க லேத் முன்னால் நிற்பவர், சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வெக்கையில் தண்ணீரும் குடிக்காவிட்டால் பாதிப்பு இன்னும் கூடும்.

இந்தப் பாதிப்பை அளக்கவும் வழி உண்டு. ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே 3 மாதம் நீடித்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய். அடுத்து என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. கனடா நோயாளிகளின் தரவைக் கொண்டு நவ்தீப் டங்ரி குழு 2011-இல் வெளியிட்ட சூத்திரம் வயது, பாலினம், வடிகட்டும் திறன், சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் ஆகிய நான்கையே வைத்து, சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பை மதிப்பிடுகிறது. ஆல்புமின் ஏற ஏற ஆபத்தும் ஏறும். அதனால்தான் அந்தச் சின்னச் சிறுநீர்க் குப்பி.