முன்னோடித் தகுதி: மலாக்காத் தோட்டங்களை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

முதலில் சொல்லாராய்ச்சி. ‘முன்’ என்பதோடு ‘ஓடு’ என்னும் வினை சேர்ந்து இகர விகுதி பெற்றது ‘முன்னோடி’. முன்னே ஓடுகிறவர் என்பது பொருள். அவரைத் துரத்தி வருவது யார் என்று சொல்லில் குறிப்பு இல்லை. 1958-இல் மலாயாவில் வந்த முன்னோடித் தொழில்களுக்கான வருமான வரி விலக்குச் சட்டத்தைப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். துரத்துவது வருமான வரி. முன்னோடி என்று முத்திரை வாங்கிய கம்பெனியை அது 2 ஆண்டுக்குத் துரத்தாது. போட்ட முதல் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் 3 ஆண்டு, இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 5 ஆண்டு, மூச்சு வாங்காமல் ஓடலாம்.

யார் முன்னோடி என்பதற்குச் சட்டம் வகுத்த இலக்கணமும் எளியதுதான். நாட்டுக்கு வேண்டிய தொழிலாக இருக்க வேண்டும். அது இங்கே போதிய அளவில் நடவாததாக இருக்க வேண்டும். தழைக்கும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். அதில் இறங்குகிறவர் முன்னோடி. இலக்கியத்தைப் பார்த்துவிட்டுத்தான் இலக்கணம் சொல்ல வேண்டும் என்பது நம்மவர் கொள்கை. அந்த இலக்கியத்தை மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தேடியதில் கிடைத்தவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

மலாக்காவில் முதலீட்டுச் சலுகை என்பது புதுச்சரக்கு அல்ல. 1512 முதல் சில ஆண்டுகள் இங்கே இருந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர், சுல்தான் காலத்துச் சுங்க விகிதங்களை எழுதி வைத்திருக்கிறார். குஜராத், சோழமண்டலம் என மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு 6 விழுக்காடு. சீனம், ஜாவா என கிழக்கிலிருந்து வருபவர்களுக்குச் சுங்கமே இல்லை. ஆனால் வெகுமதி வைக்க வேண்டும். மனைவியோடு மலாக்காவில் குடியிருக்கும் வெளிநாட்டாருக்கு 3 விழுக்காடு. கல்யாணம் செய்துகொண்டதால் செலவு பாதியாகக் குறைந்ததென்று நான் படித்த ஒரே ஆவணம் இதுதான்.

அந்தக் காலத்துத் தமிழ் வணிகர்களில் ஒருவரை நைனா சாத்து என்று போர்த்துகீசியர் எழுதியிருக்கிறார்கள். 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே, இங்கே சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு அவர் உதவியவர். அதற்குப் பலனாகப் புதிய ஆட்சி அவரைப் பெண்டஹாரா என்னும் தலைமை அதிகாரியாக்கியது. முன்னே ஓடியவருக்குத் தகுதி கிடைத்தது என்று கொள்ளலாம். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கிச் சுமத்திராவின் கம்பார் மன்னருக்குக் கொடுத்தார்கள். நைனா சாத்து மேடை கட்டி, வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி அதில் இறங்கிவிட்டார். தகுதிக் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கும் முறை அப்போது வகுக்கப்பட்டிருக்கவில்லை.

இனி ரப்பர். மரம் நட்டுப் பால் வரும்வரை ஆறேழு ஆண்டு கையிலிருந்து சாப்பிட வேண்டிய தொழில் அது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ரிட்லி ரப்பர் விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டினார், பைத்தியம் என்றார்கள். 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அவர் பேச்சைக் கேட்டு, புக்கிட் லிந்தாங்கில் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். நாட்டுக்கு வேண்டிய தொழில், இங்கே நடவாத தொழில், தழைக்கும் தொழில்: மூன்று இலக்கணமும் பொருந்துகின்றன. தவுக்கே முன்னோடி என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காட்டை வெட்டியவர், குழி தோண்டியவர், அட்டை கடித்தவர் ஆகியோர் சட்டத்தின் வாசகத்தில் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் அடங்குவர். தனியே குறிப்பிடுவது கூறியது கூறல் என்னும் குற்றமாகும்.

சலுகை இரு வகைப்படும். காசாகக் கொடுப்பது ஒன்று, ஆளாகக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதைப் பொருளியல் நூல்கள் விரித்துரைப்பதில்லை என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தோட்டத்தில் எத்தனை தமிழர் எத்தனை நாள் வேலை செய்தார்களோ, அதற்கேற்ப முதலாளி நிதிக்குப் பணம் கட்டினார். அந்த நிதி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்களுக்குப் பயணச் செலவைக் கொடுத்தது. உரிமம் பெற்ற கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். ஆள் கடனில்லாமல் வந்து இறங்கியதால் அவரைச் சுதந்திரத் தொழிலாளி என்றார்கள். இறங்கிய பிறகு ஆள் பெரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்கு வந்து நின்ற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. அதன் பெயரே தலைக்காசு. அரசாங்கம் பின்னாளில் எத்தனையோ சலுகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. இவ்வளவு நேர்மையான பெயர் பிறகு அமையவில்லை.

ஆக, தமிழர் இங்கே வந்தது முதலீட்டாளராக அல்ல, தொழிலாளராகவும் முழுதாக அல்ல; சலுகையாக வந்தார் என்பதே சரியான வகைப்பாடு. இந்தச் சலுகை 1938-இல் நின்றது. நிறுத்தியது இந்திய அரசாங்கம். சலுகையைப் பெற்றுக்கொண்ட இந்த நாடு பிறகு அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. 1969-இல், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. 30 ஆண்டு பால் வெட்டியவர் பால் வெட்ட அனுமதி கேட்டு வரிசையில் நின்றார். பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். இந்த முறை டிக்கெட் அவர்கள் செலவு.

இதற்கிடையே காசு வகைச் சலுகை நன்றாக வளர்ந்திருந்தது. 1968-இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. அதில் 1971-இல் ஆள் வேலைக்கு வைப்பதற்கென்றே ஒரு வரி விலக்கு சேர்ந்தது. 51 பேர் முதல் 100 பேர் வரை வைத்தால் 2 ஆண்டு. அப்படியே படிப்படியாக ஏறி, 350-ஐத் தாண்டினால் 5 ஆண்டு. நான் கணக்கில் வல்லவன் அல்லன். ஆனாலும் போட்டுப் பார்த்தேன். 351 பேரும் சேர்ந்து முதலாளிக்கு 1,825 நாள் வரி விடுப்பு வாங்கித் தருகிறார்கள். ஆளுக்கு 5 நாளும் ஏறத்தாழ 5 மணி நேரமும். ஆனால் 350 பேர் இருந்தபோது கிடைத்தது 4 ஆண்டுதான். ஆகவே கடைசியாக வந்து சேர்ந்த ஒரே ஓர் ஆளின் மதிப்பு முழுதாக ஓர் ஆண்டு. தலைக்காசு இவ்வளவு உயரத்தைத் தொட்டது சரித்திரத்தில் இதற்கு முன் இல்லை. அந்த 351-ஆவது ஆளுக்குச் சம்பளம் மற்றவர்களுக்கு உள்ளதேதான்.

அந்த ஆள் என் அத்தையாக இருக்கலாம். 1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்து, மலாக்காவில் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் வேலி போட்டார்கள். கிளிங் என்பது நம்மவர்களுக்கு இந்த ஊரார் வைத்த பழைய பெயர் என்பதையும், பெயர் மட்டும் நிலத்தோடு தங்கிவிட்டது என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்கிறேன். 1973-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் மலாக்காவுக்கு வந்தது; வேறு கம்பெனிகளும் வந்தன. அவற்றில் ஏதோ ஒன்றின் பஸ், ஜாசின் பக்கத்துத் தோட்டத்து முச்சந்தியில் விடியுமுன் வந்து நிற்கும். அதுவரை அதே நேரத்துக்கு அத்தை உளியும் வாளியுமாகப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். உடம்பில் ஒட்டுப்பால் நாற்றம் போக முதல் நாள் மூன்று முறை குளித்தாராம்.

சுங்கச் சட்டத்தின் பார்வையில் அந்த வேலிக்கு உள்ளே இருப்பது வெளிநாடு மாதிரி. ஆகவே சிவப்புக் கார்டு வைத்திருந்த தாத்தா சொந்த மண்ணில் பெர்மிட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, அவர் மகள் தினமும் காலையில் கடப்பிதழ் இல்லாமல் வெளிநாடு போய் மாலையில் திரும்பிக்கொண்டிருந்தார். அங்கே பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்புக்கு ஒட்டவேண்டும். எங்கள் குடும்பத்தில் வாழ்நாளில் அதிகத் தங்கத்தைக் கையாண்டவர் அத்தை. கல்யாணத்துக்குப் போட்டது நாலு பவுன்.

இரவு வேலையும் உண்டு. பெண்களைத் தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் காத்து நின்றது. தொழிலாளர் துறைத் தலைவர் விலக்கு அளிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்லியது. விலக்கு அளிக்கப்பட்டது. வரி விலக்கு கம்பெனிக்கு, தூக்க விலக்கு அத்தைக்கு. சலுகை இருசாராருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. முன்னோடி நிறுவனத்தோடு சங்கம் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில், வேலைச் சட்டம் விதித்த குறைந்தபட்ச வசதிகளைவிட மேலான வசதி எதுவும் இருக்கக் கூடாது என்று அது விதித்திருந்தது. அமைச்சர் இசைந்தால் ஒழிய. இதைப் பலர் தொழிலாளிக்கு எதிரானது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார்கள். உரைகாரர் நோக்கில் பார்த்தால் வேறு பொருள் புலப்படும். குறைந்தபட்சம் என்பதற்கு ஒரு கீழெல்லை மட்டும் இருப்பது இலக்கண வழு. கீழெல்லையையே மேலெல்லையாகவும் ஆக்கியதால் சொல்லுக்கு இரு பக்கமும் வரம்பு கிடைத்து நிறைவுபெற்றது. கம்பெனி முன்னே ஓட வேண்டுமானால் யாராவது நின்ற இடத்தில் நிற்கத்தானே வேண்டும்?

1986-இல் முதலீட்டு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் நெடுநாள் நடந்த கணக்கு இது: முன்னோடித் தகுதி பெற்ற கம்பெனியின் வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு 5 ஆண்டு வரி இல்லை. அல்லது முதலீட்டு வரிக் கழிவை எடுத்துக்கொள்ளலாம். தகுதியான மூலதனச் செலவில் 60 விழுக்காட்டை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த 5 ஆண்டில் நஷ்டம் வந்தால் அதைப் பிந்திய ஆண்டுகளுக்குக் கொண்டுபோய் லாபத்தில் கழிக்கவும் வழி உண்டு. இந்தக் கடைசி ஏற்பாட்டைத் தோட்டத்து மக்கள் எந்தச் சட்டமும் வருமுன்பே கடைப்பிடித்தார்கள். தாத்தா கடையில் வைத்த கடனை அப்பாவின் ஆண்டுக்கும், அப்பாவினுடையதை அண்ணன் ஆண்டுக்கும் கொண்டுபோவது எங்கள் லயத்தில் வழக்கம். லாபத்தில் கழிக்கும் பகுதி மட்டும் நடைமுறைக்கு வரவில்லை.

சட்டம் பெரியோருக்கு மட்டும்தானா என்று பார்க்க, அதைப் பெரியம்மா மீது பொருத்திப் பார்த்தேன். பெரியம்மா 55 வயதில் தோட்டத்தை விட்டவர். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதால் ஜாசினில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்து முறுக்கு சுட்டு விற்கிறார். நாட்டுக்கு வேண்டிய தொழிலா? தீபாவளிக்கு முந்திய வாரம் வந்து பார்க்கச் சொன்னார். இங்கே போதிய அளவில் நடவாத தொழிலா? எதிர்வீட்டுக்காரி சுடுவதை முறுக்கு என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை என்பதால், ஆம். தழைக்குமா? மகன் மாவரைக்க மெஷின் வாங்கித் தந்தால் தழைக்கும்.

சரி, வரி விலக்கு எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் சட்டத்தின் நுட்பம் விளங்கியது. பெரியம்மாவின் வருமானம் வரி கட்டும் அளவை எட்டவில்லை. கட்டாத வரியில் விலக்கு கொடுக்க முடியாது. அவர் அந்தச் சலுகையை ஏற்கெனவே அனுபவித்து வருகிறார். அதுவும் 70 விழுக்காடு அல்ல, 100 விழுக்காடு. 5 ஆண்டு அல்ல, பிறந்ததிலிருந்து. சபா, சரவாக், கிழக்குக் கரை மாநிலங்கள் போன்ற பின்தங்கிய இடங்களுக்குப் போன கம்பெனிகளுக்கு 100 விழுக்காடு கொடுத்தார்கள். மலாக்காவில் இருந்துகொண்டே அதை அடைந்திருப்பவர் பெரியம்மா.

இருந்தாலும் மெஷின் இல்லையே. சிறு வியாபாரிகளுக்கு ஏதோ உதவி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாரம் வாங்கி நிரப்பினேன். ‘வியாபாரத்தின் வயது’ என்ற இடத்தில் பெரியம்மா தன் வயதைச் சொன்னார். ‘சொத்து’ என்ற இடத்தில் பித்தளை அச்சு இரண்டு, இரும்புச் சட்டி ஒன்று என்று எழுதினேன். ‘அச்சு ஒண்ணு என் மாமியாரோடது, அத எழுதாத’ என்றார். அடித்தேன். ‘மூன்றாண்டுக் கணக்கறிக்கை’ என்ற இடத்தில் இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் எழுந்துபோய்ப் பால் மாவு டின்னிலிருந்து 555 நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் யார் யார் பாக்கி என்பது மட்டும் இருந்தது.

பாரத்தோடு ஒரு டின் முறுக்கும் அலுவலகத்துக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொன்னேன். பெரியம்மா வெறுங்கையோடு யார் வாசலையும் மிதித்ததில்லை. முகப்பில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார். பாரத்தை வாங்கிப் பார்த்துக் கணக்கறிக்கை வேண்டும் என்றார். டின்னைத் தள்ளி வைத்து, பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார்: அன்பளிப்பு வாங்குவதில்லை. சுல்தான் காலத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சுங்கம் இல்லை, வெகுமதி உண்டு. மேற்கிலிருந்து வந்தவர்களுக்குச் சுங்கம் உண்டு. பெரியம்மா எந்தத் திசையிலிருந்து வந்தவராகக் கொள்ளப்பட்டார் என்று என்னால் முடிவுகட்ட இயலவில்லை.

வெளியே வந்து, காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் டின்னைத் திறந்தார். அவரும் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, ‘உப்பு கொஞ்சம் கம்மிக்கா’ என்றார்.