2012-இல் பேய்க்கு மின்சாரம் கொடுத்தது யார்?

அனுப்புநர்:
மர்மக் கதை வாசகன்,
மூலனூர் சாலை, வெள்ளகோவில்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மின்சார வாரியம்,
அண்ணா சாலை, சென்னை.

பொருள்: 2012 அக்டோபர் மாத மின்தடை நேரப் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டுதல் – பேய் ஒன்றின் நடமாட்டம் தொடர்பாக.

பார்வை: மர்ம நாவல் ஒன்று, முதல் அத்தியாயத்திலிருந்து ‘முற்றும்’ வரை.

மதிப்பிற்குரிய ஐயா,

இது மீட்டர் வேகமாக ஓடுவதைப் பற்றிய புகார் அல்ல, பயப்படாமல் படிக்கலாம். வாரியம் 2010-இல் கழகங்களாகப் பிரிந்ததும், பிறகு அந்தக் கழகங்களே பிரிந்ததும் எனக்குத் தெரியும். பேய் விவகாரம் உற்பத்தியில் வருமா, பகிர்மானத்தில் வருமா என்பதுதான் தெரியவில்லை. ஆகவே மொத்தமாகத் தங்களுக்கே எழுதுகிறேன்.

2012 அக்டோபரில் வெள்ளகோவிலுக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில், தினமும் இரவு 12 மணிக்கு ட்யூப்லைட் மினுக்கி மினுக்கி அணைந்ததாம். மின்விசிறி தானாக நின்றதாம். அதைக் கண்டு ஒரு குடும்பமே குலைநடுங்கியதாம். ஒரு மர்ம நாவல் இப்படிச் சொல்கிறது. இதில் குலைநடுங்க ஒன்றுமே இல்லை என்று தங்கள் துறை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்ல மாட்டேன். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். இந்த நாவலில் பாதிப் பேர் நடுப் பக்கத்துக்குள் செத்துவிடுகிறார்கள், மீதிப் பேருக்கு முதலிலிருந்தே உயிரில்லை.

ஆசையோடு வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் நாவல்களை பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்துப் பழகியவர்கள் நாங்கள். கதைகளில் வெள்ளகோவில் என்பது காங்கயத்துக்கும் கரூருக்கும் நடுவில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கும் இடம், அவ்வளவுதான். முதன்முறையாக எங்கள் ஊருக்கென்று ஒரு பேய் வருகிறது என்றதும் பெருமையாக இருந்தது. வந்த பேய்க்கு எங்கள் ஊரும் தெரியவில்லை, அந்த வருஷமும் தெரியவில்லை.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்பது தங்கள் கோப்புகளில் இருக்கும், ஆனாலும் நினைவூட்டுகிறேன். மாநிலத்தின் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர வெட்டு. எங்களுக்கு அது அக்டோபரில் 12 மணி நேரம், 14 மணி நேரம் என்று நீண்டது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசிய வரைக்கும் உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் ஓரளவு தாங்கின. புரட்டாசியோடு காற்று விழுந்தது, வெளிச்சமும் விழுந்தது. வெளி மாநிலத்தில் விலைக்கு வாங்கலாம் என்றால் கொண்டுவரப் போதுமான மின்தடம் இல்லை. தென்மாநிலக் கட்டமைப்பு அப்போது தனித்தீவாக இருந்தது. ராய்ச்சூர் – சோலாப்பூர் தடம் வந்து நாட்டின் மற்ற பகுதியோடு அது ஒத்திசைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதே காரணத்தால், 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் இருண்டு 60 கோடிப் பேருக்கு மேல் தவித்தபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. உலகப் பத்திரிகைகள் அந்த இரண்டு நாளை முதல் பக்கத்தில் போட்டன. எங்கள் இருட்டு அன்றாடம் என்பதால் அதைப் போடவில்லை போலிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊரில், ஐயா, நள்ளிரவில் விளக்கு அணைந்தால் யார் பயப்படுவார்கள்? அணையாமல் எரிந்திருந்தால்தான் குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்திருப்போம். சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் கரண்ட் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, என்னமோ ஆயிப்போச்சாட்ட இருக்குதுங்க” என்பார். அந்தப் பீதியை ஒரு வரி எழுதியிருந்தால் நாவலை நெஞ்சோடு அணைத்திருப்பேன்.

அடுத்தது, மயான அமைதி. பேய் கதாநாயகியின் காதோரம் ரகசியம் பேசுகிறது. 2012-இல் எங்கள் பக்கம் கரண்ட் இருந்தால் விசைத்தறிச் சத்தம், இல்லாவிட்டால் மில்களின் ஜெனரேட்டர் சத்தம். அதில் பேய் தொண்டை கிழியக் கத்தினாலும் “என்னங்க, கேக்குலீங்க” என்றுதான் பதில் வந்திருக்கும். போதாக்குறைக்கு அந்தப் பேய் கொங்குத் தமிழ் பேசுகிறதாம்: “உன்னைக் கொல்லாமல் விட மாட்டேனுங்க.” எங்கள் ஊரில் மரியாதை ஜாஸ்திதான். ஆனால் கழுத்தை நெரிக்கும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.

நடு இரவில் காட்டுக்குள் ஒற்றை வெளிச்சம் ஒன்று நகர்வதைக் கண்டு, சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த கதாநாயகி மயங்கி விழுகிறாள். இந்த இடத்தைப் பக்கத்துத் தோட்டத்து அப்பாருவுக்கு வாசித்துக் காட்டினேன். “பேயுமில்லை, கீயுமில்லை சாமி. ராத்திரியில த்ரீ பேஸ் உட்டிருப்பாங்க, எவனோ டார்ச் எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போயிருக்கறான்” என்றார். கிணற்றுப் பாசனக்காரர் மூச்சு விடுவதற்குள் அவிழ்த்த முடிச்சை நாவலாசிரியர் கடைசி வரை அவிழ்க்கவேயில்லை.

இனி வருவது தங்கள் துறை சார்ந்தது அல்ல. ஆனாலும் அரசாங்கத்தில் யாராவது ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து வட்டமலைக்கரை ஓடை அணையில் ஒரு பிணம் மிதக்கிறது. அதைச் சுற்றி நிலா வெளிச்சம் அலைகளில் உடைகிறது. அந்த அணைக்குத் திருமூர்த்தி அணையிலிருந்து பரம்பிக்குளம் – ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்தது 2021-இல். அதற்கு முன் கால் நூற்றாண்டு போல வறண்டு கிடந்த அணை அது. 2012-இல் அங்கே பிணம் மிதந்திருந்தால் சீமைக் கருவேல முள்ளின் மேல்தான் மிதந்திருக்கும். வெள்ளகோவில் கிளைக் கால்வாயின் கடைமடை விவசாயிகள் தண்ணீர் கேட்டு உண்ணாவிரதம், மறியல் என்று எல்லாமும் செய்து பார்த்துவிட்டார்கள். நாவலாசிரியர் ஒரே வாக்கியத்தில் அணையை நிரப்பிவிட்டார். நீர்வளத் துறை அவரை உடனே பணியில் அமர்த்த வேண்டும்.

பேய் ஒருநாள் வாட்ஸ்அப் வீடியோ காலில் வருகிறது. அந்த வசதி உலகத்துக்கே வந்தது 2016 நவம்பரில். மந்திரவாதிக்குக் கொடுக்கும் 2,000 ரூபாய் நோட்டும் அதே நவம்பரில் பிறந்ததுதான். மந்திரவாதி முக்காலமும் அறிந்தவர் என்று சொல்ல வருகிறார்களோ என்று சில பக்கங்கள் பொறுத்துப் பார்த்தேன். அப்படியானால் 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அந்த நோட்டைத் திரும்பப் பெறப்போவதும் அவருக்குத் தெரிந்திருக்குமே. நூறு ரூபாய்க் கட்டாகக் கேட்டு வாங்கியிருப்பார்.

எங்கள் ஊர் வீரகுமாரசாமி கோயிலுக்குள் போய்க் கருவறை முன்னால் நின்று கதாநாயகி திருநீறு வாங்குகிறாள். அந்தக் கோயிலுக்குள் பெண்கள் போவதில்லை, வெளியே நின்றுதான் கும்பிடுகிறார்கள். மாசித் தேருக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் இது தெரியும். அந்த வழக்கம் சரியா என்று கேட்டு அவளை உள்ளே அனுப்பியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

பேய் வந்ததற்காக நான் கோபப்படவில்லை. துப்பறியும் கதைக்குள் பேயையே விடக் கூடாது என்றவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் எழுதிய பத்துக் கட்டளைகளில் இரண்டாவது அதுதான். இத்தனைக்கும் அவர் பாதிரியார். நான் அவ்வளவு கறார் இல்லை. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயா, லேசர் காட்டும் ஹாலோகிராமா என்று கணேஷையும் வசந்தையும் மோதவிட்டது. இரண்டு பக்கத்து வாதமும் வாசகன் கையில் இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’, நாகா இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்று சன் டிவியில் வந்த காலத்தில், எங்கள் வீதியில் தொடர் முடிந்தபின் தனியாகக் கொல்லைப்பக்கம் போனவர் கிடையாது. அந்தக் கிராமத்து வெயிலையும் புழுதியையும் முதலில் நம்பவைத்தார்கள். கருப்பின் குதிரைக் குளம்படியை நாங்களே நம்பிக்கொண்டோம்.

சோழர் காலத்துக் கதையில் பிழை விட்டால் கல்வெட்டு படித்த நாலு பேருக்குத்தான் தெரியும். 2012-இல் பிழை விட்டால், அன்றைக்குப் பனையோலை விசிறியோடு திண்ணையில் படுத்திருந்த அத்தனை பேரும் சாட்சிக்கு வருவார்கள். நேற்றைய கதை எழுதுவது அவ்வளவு ஆபத்தான வேலை. அதைத்தான் இந்த நாவல் சுலபம் என்று நினைத்துவிட்டது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், யாரும் காசு செலவழிக்க வேண்டாம். சென்னை மனநல மருத்துவர் ஒருவர் காரில் வந்து இறங்கி, பேய் கிடையாது, எல்லாம் மனப்பிளவு என்கிறார். கொலைகாரர் அதற்கு முந்தைய பக்கத்தில்தான் நமக்கு அறிமுகமாகிறார். எல்லோரும் கிளம்பிப் போனபின் பூட்டிய பங்களாவில் ட்யூப்லைட் மறுபடி மினுக்குகிறது. முற்றும். துப்பறிந்ததும் வீண், பயந்ததும் வீண்.

அந்த மாதத்தில் பயம் இல்லை என்று நான் சொல்லவில்லை, ஐயா. தறியை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர் இருந்தார். இன்வெர்ட்டர் வாங்க வளையலை அடகு வைத்த அம்மிணி இருந்தார். கொசுக்கடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த பிள்ளை இருந்தது. வாரக் கடைசியில் வட்டிக்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவும் கண்முன்னே கிடக்க, ட்யூப்லைட்டைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்ததில்தான் எனக்கு வருத்தம். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் இதெல்லாம் எழுதுகிறவருக்கும், அச்சுப்பிழை திருத்தியவருக்கும், பின்னட்டையில் பாராட்டியவருக்கும் மறந்துவிட்டது. தங்களுக்கு மறந்திருந்தால் புரிந்துகொள்வேன். அதை நினைவில் வைத்துக்கொள்வதில் தங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,

1. 2012 அக்டோபர் மாதம் வெள்ளகோவிலுக்கு எந்தெந்த நேரம் மின்சாரம் வந்தது என்ற பட்டியலைத் தரவும். வராத நேரத்தைக் கேட்டால் காகிதம் அதிகம் செலவாகும்.

2. தினமும் இரவு 12 மணிக்கு அணைய வேண்டுமானால் 11.59 வரை எரிந்திருக்க வேண்டும். அந்த மாதத்தில் அப்படித் தவறாமல் மின்சாரம் பெற்ற பங்களா எந்த ஃபீடரில் இருந்தது என்று தெரிவிக்கவும். எங்கள் வீதியையும் முன்தேதியிட்டு அதில் சேர்க்கவும்.

3. இனிமேல் 2012-ஐப் பற்றிப் பேய்க் கதை எழுதுவோர் உதவி மின்பொறியாளரிடம் தடையில்லாச் சான்று பெற்ற பிறகே விளக்கை அணைக்கலாம் என்று ஆணையிடவும்.

மூன்றாவதற்கு விதியில் இடமில்லை என்றால், அந்த எழுத்தாளருக்கு ஒரு வரி எழுதினாலும் போதும்: அடுத்த பேயை 1850-இல் வைத்துக்கொள்ளட்டும். அப்போது மின்சாரம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, பிழை கண்டுபிடிக்க நானும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மர்மக் கதை வாசகன்.

நகல்:
1. நீர்வளத் துறை – அணை நிரம்பிய அத்தியாயம் இணைக்கப்பட்டுள்ளது.
2. மேற்படி பேய் – இருப்பிடச் சான்று இல்லாததால் அனுப்பப்படவில்லை.