கிழக்கு பார்த்த வாசல்

கப்பல் வியாபாரி ஊர் தேடினால் கப்பல் நிற்குமா என்றுதான் முதலில் பார்ப்பான். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே துரை அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். மதராஸ் கரையில் குடா கிடையாது, ஆழம் கிடையாது, புயலுக்கு ஒதுங்க மறைவு கிடையாது. ஆனால் துணி மலிவு. மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 குறைவு என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். சாந்தோமில் துரைக்கு ஒரு காதலி இருந்தாள், அதற்காகத்தான் இந்த இடம் என்று பின்னாளில் ஒரு கிசுகிசுவும் உண்டு. கடிதத்தில் துணி மட்டும்தான் இருக்கிறது. ஆபீஸ் கடிதம் என்றால் அப்படித்தானே!

ஏற்றுமதிக்குச் சரக்கு தயார், துறைமுகம்தான் இல்லை. கப்பல்கள் எட்டவே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள், துணி மூட்டைகளோடு அலைமேல் குதித்துக் குதித்துப் போகும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் கம்பெனி, கவர்னர், சீமை ராஜா எவருடைய அதிகாரமும் செல்லாது. அங்கே படகோட்டி வைத்ததுதான் சட்டம். அலை நடுவில் துடுப்பை நிறுத்தி, கூடக் கொஞ்சம் காசு கேட்டால் எந்தத் துரையும் பேரம் பேசியதில்லை. மூட்டை நனைந்தால் கடல் பொறுப்பு, காணாமல் போனாலும் கடல் பொறுப்பு. உலகத்தையே வளைத்த கம்பெனி இப்படியே இரண்டு நூற்றாண்டு தள்ளியது.

1770 வாக்கில், இங்கே ஏற்றுமதிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், கடலுக்குள் ஒரு பாலம் போடலாமே என்றார். யோசனை உடனே ஏற்கப்பட்டு, 1861-இல் பாலம் வந்தது. 1868-லும் 1872-லும் புயல் வந்து அதை முடித்து வைத்தது.

அடுத்து, 1876-இல் இரண்டு பெரிய கல் சுவர்கள் எழும்பத் தொடங்கின. வாஸ்து நிபுணர் யாரையோ கேட்டதுபோல வாசலைச் சரியாகக் கிழக்கு பார்த்து வைத்தார்கள். வங்கக் கடல் அந்த வாசல் வழியாக நேரே உள்ளே வந்தது. 1881 புயலில் சுவர்களே உடைந்தன. மறுபடி கட்டினார்கள், வாசல் அதே கிழக்கு! தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலையும் சுவர் மறித்துக்கொண்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரைந்தது. ஒரு பக்கத்தாருக்குச் சுண்டலும் காற்றும், மறு பக்கத்தாருக்குக் கடலரிப்பு. துறைமுகத்தின் பங்கீடு அது.

1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், ஆறுகளைக் கரைக்குள் அடக்குவது பற்றிப் புத்தகமே எழுதிய எஞ்சினியர். கிழக்கு வாசலை அடைத்தார், வடகிழக்கில் புது வாசல் திறந்தார். கப்பல் ஒட்டி நிற்கப் படித்துறைகள், கிடங்குகள், தண்டவாளங்கள் என்று வரிசையாக வந்தன. துணிக்காக ஊர் தொடங்கி 265 வருடம் கழித்துத்தான் துறைமுகத்துக்குச் சரியான நிர்வாகி கிடைத்தார்.

அவர் காலத்தில், 1912 மார்ச்சில், கணக்குப் பிரிவில் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பையன் பேரேட்டைவிட வேறு கணக்குகளில் கெட்டி என்பதைத் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கண்டுகொண்டார், ஸ்பிரிங்கும் கைகொடுத்தார். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் நெவாசா கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மதராஸ் துறைமுகத்தின் ஆகப் பெரிய ஏற்றுமதி அதுதான். தீர்வை எதுவும் வசூலித்ததாகத் தெரியவில்லை.