என்னத்தை எடுக்கப் போறீங்கள்?

இந்தக் கேள்வியை இனி யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவதென்று இருக்கிறேன். போன கிழமையும் ஒருவர் கேட்டார். நான் கேட்டது சின்ன விஷயம்: நீள ஸூம் கூடவே பூட்டி வருகிற பிரிட்ஜ் கமரா வாங்குவதா, லென்ஸை மாற்றி மாற்றிப் பூட்டுகிற ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வாங்குவதா? இரண்டில் ஒன்றைச் சொன்னால் வேலை முடிந்தது. அவர் பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நாடி பிடிக்கிற பரியாரியார் மாதிரிக் கண்ணை மூடினார். "அது கிடக்கட்டும், நீங்கள் என்னத்தை எடுக்கப் போறீங்கள்?" என்றார்.

என்னத்தை எடுப்பேன் என்று கமரா வாங்க முன்னமே எப்படித் தெரியும்? நம்மில் யார் அப்படித் தெரிந்துகொண்டு வாங்கினோம்? இரவு பதினொரு மணிக்குப் படுத்தபடி இரண்டு மொடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற நேரத்தில் மனிதனுக்கு மனைவி ஞாபகமே வருவதில்லை. எடுக்கப்போகிற படமா ஞாபகம் வரும்? ஆகவே அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, எதை வாங்குவது என்பதை இந்தக் கட்டுரையின் முடிவில் நானே சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலையில் இருந்துகொண்டு அதைச் சொல்வது இலேசு அல்ல. இங்கே படமெடுக்கத் தகுந்ததெல்லாம் ஒன்றில் மூக்குக்கு முன்னால் நிற்கிறது, இல்லையென்றால் கடலும் வானமும் முட்டுகிற இடத்தில் நிற்கிறது. பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் புள்ளிமான்கள், அர்ச்சனைத் தட்டிலுள்ள வாழைப்பழத்தை மணந்து பார்க்கிற தூரத்தில் நிற்கும். அவற்றின் மேல் நீளமான ஸூமைத் திருப்பினால் ஒரு கண்ணிமைதான் வரும். அதுவும் தெளிவாக வர நீங்கள் சில மீட்டர் பின்னுக்குப் போகவேண்டும். மானும் பழத்தை நம்பிக் கூடவே வரும்.

மற்றப் பக்கம் நீலத் திமிங்கலம். துறைமுகத்துக்கு வெளியே கடலடி திடீரென்று பெரும் பள்ளத்தாக்காக இறங்குவதால்தான் அவை கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன. உலகத்திலேயே பெரிய விலங்கு. விடிய வெள்ளன உப்புவெளியிலிருந்து ஃபைபர் போட்டில் போய், வயிறு குமட்டக் காத்திருந்து எடுத்த படத்தில் இருப்பவை: நிறையத் தண்ணீர், தூரத்தில் ஒரு பெருமூச்சு, முன்வரிசைக்காரரின் தொப்பி. கிட்டப் போய் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. நல்ல சட்டம். தொப்பிக்கும் ஒரு சட்டம் போட்டிருக்கலாம்.

அப்படியென்றால் பிரிட்ஜ்தானே, என்பீர்கள். அவசரப்பட வேண்டாம். பிரிட்ஜ் கமரா வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை; அவர்களே வந்து நிலவைக் காட்டுவார்கள். போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். பேரப்பிள்ளை, தேர்த் திருவிழா, மழைக்கு விழுந்த மதில் எல்லாம் தாண்டி நிலவில் வந்து நிற்பார்கள். "பாருங்கோ, குழியெல்லாம் தெரியுது." தெரிகிறது. கலிலியோ 1609இல் பார்த்தபோதும் தெரிந்தது. நிலவு தன்னைத்தானே சுற்ற எடுக்கிற நேரமும் பூமியைச் சுற்ற எடுக்கிற நேரமும் ஒன்று என்பதால் அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும். மூதூரில் எடுத்ததும் நிலாவெளியில் எடுத்ததும் சீனன்குடாவில் எடுத்ததும் அதே முகம், அதே குழி. இருந்தும் ஒவ்வொருவருடைய நிலவையும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக வியக்க வேண்டும். வியக்காமல் "ம்" என்று மட்டும் சொன்னால் பெரிதாக்கிக் காட்டுவார்கள்.

இதில் அரசாங்கமும் உடந்தை. இந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா விடுமுறை. அன்றைக்குச் சாராயக் கடை பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு. கையில் கமரா உள்ள மனிதன் வேறு என்னதான் செய்வான்? பொழுது சாய டச் பே கடற்கரையில் முக்காலிகள் முளைத்துவிடும். எங்களுடையது கிழக்குக் கடல். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும்போது நிலவு தண்ணீருக்குள்ளிருந்து ஏறும். கண்ணுக்கு அருமையான காட்சி, நான் மறுக்கவில்லை. ஆனால் குழிகளை எடுப்பதற்கு மாதத்தில் மிக மோசமான நாள் அதுதான். வெயில் நேரே நிலவின் முகத்தில் அடிக்கிறது, நிழலே விழாது. நிழல் இல்லாமல் குழி எப்படி எடுபடும்? அரை நிலவு நாட்களில்தான் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டோரம் மலைகளின் நிழல் நீண்டு, பள்ளம் பள்ளமாகத் தெரியும். அரை நிலவுக்கு யார் லீவு தருகிறார்கள்? அன்றைக்கு இறைச்சிக் கடையும் திறந்திருக்கும்.

இன்னும் முடியவில்லை. 2015இல் நிக்கோன் பி900 என்ற பிரிட்ஜ் கமரா வந்தது: 83 மடங்கு ஸூம், பழைய ஃபிலிம் கணக்கில் 2000 மில்லிமீட்டர். அதில் நிலவு அளவாக அமரும், மேலும் கீழும் கொஞ்சம் இருட்டு மிஞ்சும். நியாயமான மனிதர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். 2018இல் பி1000 வந்தது: 125 மடங்கு, 3000 மில்லிமீட்டர். இப்போது நிலவு கொள்ளவில்லை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டுப்படுகிறது. கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர், முழு நிலவையும் எடுப்பதற்கு அந்தக் கூடுதல் ஸூமைத் திருப்பிக் குறைக்கவேண்டும். குறைத்துச் சரிப்படுத்தி நிமிர்வதற்குள் நிலவு நழுவிவிடும். பூமி சுழல்கிற வேகத்தில் அது தன் அகலத்துக்கு நகர இரண்டு நிமிடம் போதும். பிறகு 2025இல் பி1100. ஏழு வருடக் காத்திருப்பு. அதே லென்ஸ், அதே சென்ஸர். சார்ஜ் போடுகிற துளையை மாற்றியிருக்கிறார்கள். இதை வரவேற்றும் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். எடுத்துவிட்டு நிலவை அனுப்பினார்.

ஃபுல் ஃபிரேம்காரர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய 50 மில்லிமீட்டர் லென்ஸில் நிலவு சென்ஸரில் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதைக் கேட்டால் கலை என்பார்கள்.

அவர்கள் பக்கம் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். 36க்கு 24 மில்லிமீட்டர் சென்ஸர், பி1000இல் உள்ளதைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு பரப்பு. மாலைப் பூசை நேரத்துத் தீப வெளிச்சத்தில் பிரிட்ஜ் கமரா மணல்மணலாகப் பொரிகிற இடத்தில் இது ஆளின் முகத்தைக் காட்டும். ஆனால் அந்த அளவைப் பற்றி அவர்கள் பேசுகிற பக்தி இருக்கிறதே! ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்றொருவர் சினிமாச் சுருளைச் சின்னக் கமராவுக்குள் போட்டு, இரண்டு சினிமாச் சட்டத்தை ஒன்றாக்கிப் படமெடுத்தார். லைக்கா 1925இல் கடைக்கு வந்தது, அளவு நிலைத்துவிட்டது. அவ்வளவுதான் வரலாறு. கேட்டால் ஆகமத்தில் சொன்ன அளவு போலல்லவா விளக்குகிறார்கள்.

கமரா பொடியின் விலையை மெதுவாகத்தான் சொல்வார்கள். லென்ஸின் விலையைச் சொல்லவே மாட்டார்கள். திமிங்கலத்துக்கென்று சோனியின் 200-600 லென்ஸைப் பூட்டினால் லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். ஆடுகிற போட்டில் ஒரு கை விளிம்பைப் பிடித்திருக்கும், மற்றக் கை வாயைப் பொத்தியிருக்கும். லென்ஸைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? மாற்றுவோம் என்று கழற்றினால் உப்புத் தூவானம் நேரே சென்ஸருக்கு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், "ஏன் அண்ணை சண்டை, சோனி ஆர்எக்ஸ்10 நாலு இருக்குத்தானே, ஒரு அங்குலச் சென்ஸர், 24இலிருந்து 600 மட்டும்" என்று ஒருவர் வருவார். சமாதானம் பேச வருகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிப்பதில்லை.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதுக்குள் வைத்திருக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. நான் அப்போது கிட்டத்தட்ட ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஓய்வூதியக்காரன் முடிவெடுக்க எடுக்கிற நேரத்தைவிட வேகமாக நாடு விழுந்தது. அதற்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வருகிற பெறாமக்கள் கழுத்தில் முழு ஃபிரேமைத் தொங்கவிட்டுக்கொண்டு, "பெரியப்பா, கமரா முக்கியமில்லை, பார்வைதான் முக்கியம்" என்று சொல்லும்போது எனக்கு வருகிற எண்ணங்களை இங்கே எழுத முடியாது. கமரா முக்கியமில்லை என்று கமரா இல்லாத ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை.

1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும், கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். வில்சன் தண்ணீருக்கடியில் படமெடுப்பதில் கெட்டிக்காரர். அவர்களுக்கு ஸூம் எத்தனை மடங்கு என்ற பிரச்சினை இருக்கவில்லை. பொருளுக்குப் பக்கத்தில் போனார்கள். அதுதான் சரியான வழி என்று நானும் நினைக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது.

சரி, எதை வாங்குவது என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அதற்கு முன், இரண்டு கூட்டமும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் முக்காலி. எந்தக் கமரா என்றாலும் முக்காலி வேண்டும் என்கிறார்கள். அது நியாயம், முதலில் அதை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கடைக்குப் போனேன். அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்றார்கள். அலுமினியம் கடற்காற்றுக்கு அசையாது, ஆனால் பாரம். கார்பன் கைக்கு இலேசு, விலை தலைக்கு மேல். யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். அலுமினியம்தான் நல்லது என்று ஒருவர் சொன்னார்; முக்காலியின் தலை பந்து மாதிரியா, கைபிடி வைத்ததா என்பதைத் தீர்மானித்த பிறகுதான் கால்களைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். பெறாமகன் இதைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். நாற்பத்திரண்டு நிமிடம், முதலாம் பாகம்.