கும்மிடிப்பூண்டிவாசி இத்தாலிய பைக் வாங்குவது எப்படி: காற்றா, தண்ணீரா?

முதலில் ஒரு தகுதிச் சோதனை. காலை எட்டரை மணி, தச்சூர் கூட்டு ரோடு. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர், பின்னால் ஹாரனை விடாமல் அழுத்தும் கம்பெனி பஸ், பக்கத்தில் தார்ப்பாய் போடாத சவுடு லாரி. இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "நம்மிடம் மட்டும் இருநூறு குதிரைசக்தி இருந்தால்..." என்று ஒரு நாளாவது ஏங்கியிருக்கிறீர்களா? ஆம் என்றால் மேலே படிக்கலாம். இல்லை என்பவர்கள் ஸ்பிளெண்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள், உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஏங்கியவர்களுக்கு விலை ஒரு பிரச்சினையே அல்ல, அதை வங்கி பார்த்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: ஏர்-கூல்டா, வாட்டர்-கூல்டா? இதில் கருத்து இல்லாதவன் டீக்கடையில் இத்தாலிய பைக்கைப் பற்றி வாய் திறக்க முடியாது. கருத்து சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உறுதியாக இருந்தால் போதும்.

கருத்துக்கு அடித்தளமாகக் கொஞ்சம் வரலாறு வேண்டும். டுகாட்டி 1926-ல் போலோன்யாவில் தொடங்கப்பட்டது பைக் செய்ய அல்ல. ரேடியோவுக்கான கண்டென்சர் செய்யத்தான். பவர் ஃபேக்டர் குறைந்தால் மின்வாரியம் அபராதம் போடுமே என்று நம் சிப்காட்டில் கம்பெனிக்குக் கம்பெனி கப்பாசிட்டர் பேனல் வைத்திருக்கிறோமே, அந்த வம்சம். ஆகவே டுகாட்டி பூர்வீகத்தில் நம்மைப்போல எஸ்டேட்காரன் என்று தைரியமாக உறவு கொண்டாடலாம். போருக்குப் பிறகு 1946-ல் சைக்கிளில் மாட்டும் 'குச்சோலோ' என்ற குட்டி என்ஜினில் கை வைத்தார்கள். பிறகு ஃபாபியோ டாலியோனி என்ற பொறியாளர் வந்தார். வால்வைத் திறக்க மட்டுமல்ல, மூடவும் ஸ்பிரிங்கை நம்பாமல் கேமையே வைத்த 'டெஸ்மோ' ஏற்பாட்டை டுகாட்டிக்குக் கொண்டுவந்தது அவர் கைவண்ணம். தொண்ணூறு டிகிரியில் இரண்டு சிலிண்டர், சுற்றிலும் தகடு தகடாக ஃபின், மேலே காற்று. அதுதான் டுகாட்டி என்று உலகம் நம்பியிருந்தது.

1980-களின் கடைசியில் மாசிமோ போர்தி 851-ஐக் கொண்டுவந்து அதில் தண்ணீரை ஊற்றினார். காரணம் லேசானதல்ல. சிலிண்டருக்கு இரண்டு வால்வு இருந்தவரை ஹெட்டில் இடம் இருந்தது, சூடு மெதுவாக வெளியே வந்து ஃபின் வழியே போய்விடும். நான்கு வால்வு வைத்தால் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுக்கு நடுவே மிஞ்சுவது ஒரு மெல்லிய உலோகப் பாலம். சூடு முழுவதும் அங்கேதான் குந்தும். வெளியே எத்தனை ஃபின் வைத்தாலும் காற்று அந்த இடத்தை எட்டாது, தண்ணீர் எட்டும். 1994-ல் மாசிமோ தம்புரீனி வடிவமைத்த 916 விற்பனைக்கு வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. சைலன்சரை இருக்கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் அவர். போலோன்யா குளிரில் அது ஒரு சௌகரியமாகக்கூட இருந்திருக்கும். நம் மே மாதத்தில் என்ன ஆகும் என்பதை வாசகர் கற்பனைக்கு விடுகிறேன்.

இன்னொரு பக்கம் அதே கம்பெனி 1993-ல் மான்ஸ்டரைக் காற்றை நம்பியே விட்டது. 2015-ல் வந்த ஸ்கிராம்ப்ளரும் அப்படித்தான்: 803 சிசி, 73 குதிரைசக்தி, முன்னால் சின்னதாக ஒரு ஆயில் கூலர். இன்னொரு இத்தாலிய கம்பெனியான மோட்டோ கூட்ஸி 1950-களிலேயே பந்தயத்துக்கு வாட்டர்-கூல்டு எட்டு சிலிண்டர் பைக் செய்துவிட்டு, தெருவில் விற்கும் வண்டிகளில் மட்டும் சிலிண்டரை இரண்டு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வி100 மாந்தெல்லோவில் அதுவும் தண்ணீருக்கு இறங்கி வந்துவிட்டது. நம் பக்கமும் இதே கதைதான். 1955-ல் தொடங்கி திருவொற்றியூரில் புல்லட்டாகத் தட்டிக்கொண்டிருந்த ராயல் என்ஃபீல்டு, 2023 ஹிமாலயன் 450-ல் முதல்முறையாக ரேடியேட்டர் மாட்டியது. அன்றைக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் டீக்கடைக்கு. இனி உண்மையைப் பார்ப்போம். அதற்கு போலோன்யா போக வேண்டியதில்லை, பக்கத்து ஸ்டீல் மில்லுக்குப் போனால் போதும்.

இண்டக்ஷன் ஃபர்னஸைச் சுற்றியிருக்கும் காயில் செம்புக் குழாய்தான். அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இரும்பு கொதிக்கிறது, கையகல தூரத்தில் செம்பு உருகாமல் நிற்பது அந்தத் தண்ணீரால். கரண்ட் போய் பம்ப் நின்றாலும் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து தானாக இறங்கத் தனி லைன் உண்டு, ஏனென்றால் தண்ணீர் நின்றால் காயில் போச்சு. இப்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். சூட்டை வாங்கிக்கொண்டு போய்க் கடைசியில் கூலிங் டவரில் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. பைக்கிலும் இதேதான். ரேடியேட்டர் என்பது தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கைமாற்றும் இடம். ஆக எல்லா என்ஜினும் ஏர்-கூல்டுதான், வாட்டர்-கூல்டில் மட்டும் நடுவில் ஒரு மனைப் புரோக்கர். புரோக்கர் இருந்தால் காரியம் சுத்தமாக, சீராக நடக்கும், கமிஷனும் போகும்: பம்ப், ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன், கூலன்ட்.

இரண்டாவது உண்மை இதைவிடக் கசப்பானது. எரிகிற பெட்ரோலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, மீதி என்ஜினின் உடம்பில் சூடாக ஏறுகிறது. உங்கள் தொடையைச் சுடுவது காற்றா தண்ணீரா என்ற தத்துவமல்ல, எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்பதுதான். 73 குதிரைசக்தி என்ஜின் வெதுவெதுப்பாகச் சுடும். இருநூறு குதிரைசக்தியைத் தாண்டிய பனிகாலே வி4 நின்ற இடத்திலேயே சமைக்கும். டுகாட்டிக்கே இது தெரியும். வி4 வண்டிகள் சிக்னலில் நிற்கும்போது பின்பக்க இரண்டு சிலிண்டரையும் தானாக அணைத்துக்கொள்ள ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். முப்பது லட்சத்துச் சொச்சம் கொடுத்து நான்கு சிலிண்டர் வாங்கி, பஞ்செட்டியில் இரண்டை அணைத்துவிட்டு நிற்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சரி, ஏர்-கூல்டு எடுக்க முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டே இருங்கள், அவ்வளவுதான் விதி. காற்று இருந்தால்தான் அது ஏர்-கூல்டு, நின்றால் வெறும் அடுப்பு. முன் சிலிண்டர் காற்றைப் பார்த்துப் படுத்திருக்கும், அதற்குக் குறையில்லை. பின் சிலிண்டர் அதன் நிழலில் நிற்பது, முதலில் கோபப்படுவதும் அதுதான். கரணோடை பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைக் கண்டால் என்ஜினை அணைத்துவிட்டு, போன் பேச ஓரம் கட்டியவர் மாதிரி கம்பீரமாக நில்லுங்கள். வாரம் ஒருமுறை ஃபின் இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள். செயின் லூப் தெறித்து, அதன்மேல் மில் தூசியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் படிந்து, இரண்டு மழை பெய்தால் அது சிமென்ட். அந்தப் பூச்சுக்கு மேல் எந்தக் காற்றும் வேலை செய்யாது. பழைய டூத் பிரஷ் போதும். இத்தாலியிலிருந்து வரவழைத்த பிரஷ்தான் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை.

வாட்டர்-கூல்டு என்றால் உங்கள் எதிரி தண்ணீர்தான். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் ஏறத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல் நீரையே குடிநீராக்கும் ஆலையும் வந்துவிட்டது. மீஞ்சூர் போர் தண்ணீரை 'அவசரத்துக்குத்தானே' என்று ரேடியேட்டரில் ஊற்றிவிடாதீர்கள். உப்பு அலுமினியத்தைத் தின்னும், கடினநீர் உள்ளே செதில் கட்டும். கூலன்ட்டுடன் பாதிக்குப் பாதி, தாது நீக்கிய டிஎம் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ஃபர்னஸ் காயிலுக்கு ஊற்றுவதே அதுதான். யூட்டிலிட்டி செக்‌ஷன் ஆபரேட்டரிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள், ஐந்து லிட்டர் கேன் தானாக நிரம்பும். ரேடியேட்டர் ஃபின் அலுமினியத் தகடு, காகித கனம்தான். டிப்பரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்கு ஒரு வலைக் கார்டு மாட்டுங்கள். லாரி வாட்டர் சர்வீஸில் விட்டுப் பிரஷர் பம்ப்பால் அடித்தால் ஃபின் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும், பிறகு காற்றுக்கு வழி இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் ஜாக்கெட் சத்தத்தை விழுங்கிவிடும். ஏர்-கூல்டில் அந்தப் போர்வை இல்லை, சூட்டில் விரிவதற்கு பிஸ்டனுக்கு இடமும் கூடுதலாக விட்டிருப்பார்கள், ஆகவே எல்லாம் வெளியே கேட்கும். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக ஏர்-கூல்டுக்கு மூச்சு முட்டுவதற்கும் அந்த இடைவெளி ஒரு காரணம். 2020-ல் பிஎஸ்6 வந்தபோது இங்கே ஏர்-கூல்டு மான்ஸ்டர் காணாமல் போனது. பழைய டுகாட்டிகளில் டிரை கிளட்ச் வேறு, கிளட்சைப் பிடித்தால் தட்டுமுட்டுச் சாமான் பெட்டியை உருட்டிய சத்தம். ரசிகர்கள் அதைக் கேட்கக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்கள். கவரைப்பேட்டை டீ மாஸ்டர் பாய்லரை விட்டு வெளியே வந்து, "இன்னாண்ணா, உள்ள எதுனா ஒடஞ்சிக்கிதா?" என்று கேட்பார். பதில் சொல்லாதீர்கள். டெஸ்மோட்ரோமிக் என்று ஆரம்பித்தால் பால் பொங்கிவிடும்.

மைலேஜ் கேள்விக்கு மட்டும் ஒரே பதில்: "கம்பெனி வண்டிங்க."

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு சென்னையிலிருந்து தடா, நெல்லூர் என்று இட்லி தேடிப் போகும் கூட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த நேரத்தில் எந்த பைக்கும் நல்ல பைக்தான். அவர்கள் கடந்து போகும் சோழவரத்தில் ஒரு காலத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயமே நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை தென்னிந்தியாவின் வேகம் முழுவதும் அங்கேதான். புல்லட்டும் ராஜ்தூத் யமஹாவும் ஃபின்னை மட்டும் நம்பி ஓடின, வழியில் சிக்னல் கிடையாது.

என் தீர்ப்பு கேட்டால், கும்மிடிப்பூண்டியில் குடியிருப்பவருக்கு ஏர்-கூல்டு 803 சிசி ஸ்கிராம்ப்ளர் போதும், மிச்சமும் கூட. ஹோஸ் இல்லை, பம்ப் இல்லை, மீஞ்சூர்த் தண்ணீர்ப் பயம் இல்லை, வடக்கே ஆரம்பாக்கம் வரை காற்றுக்கும் பஞ்சமில்லை. மாதவரம், செங்குன்றம் வழியாகத் தினமும் வந்துபோக வேண்டியவர் தண்ணீருக்குப் போகட்டும், ஆனால் சிறிய என்ஜினாக எடுக்கட்டும். அப்ரிலியா ஆர்எஸ் 457 இருக்கிறது: இத்தாலியப் பெயர், மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறப்பு, நம் வெயிலுக்கு அது புதிதல்ல. வி4 வாங்கியே தீருவேன் என்பவருக்கு ஆலோசனை தேவையில்லை, கனமான ஜீன்ஸ் தேவை.

கத்திரி வெயில் தொடங்கியதும் வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு லோக்கல் ரயிலில் போய் வாருங்கள். பேட்டரி செத்துவிடுமே என்று வாசலில் நிறுத்தி வைத்து என்ஜினை ஓட விடாதீர்கள், பின் சிலிண்டர் காயும். சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டுவதுதான் முறை. சத்தம் கேட்காமல் இருக்க முடியாது என்றால், ரோலிங் மில்லில் ஆட்களுக்காக வைத்திருக்கும் மேன் கூலர் ஒன்றை முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். இரவல் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் ரிட்டர்னபிள் கேட் பாஸ் போடாமல் செக்யூரிட்டி விடமாட்டார். 'எதற்காக' என்ற கட்டத்தில், 'இத்தாலிய மோட்டார் சைக்கிளுக்குக் காற்று வீச' என்று உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். ஸ்டோர்ஸில் எப்படியும் யாரும் அதைப் படிப்பதில்லை.